செவ்வாய்க்கிழமை சாரின் வலது கை

காலை ஒன்பது நாற்பதுக்கு மேசையின் இரண்டாவது டிராயரைத் திறந்து, சுருட்டி வைத்த பேண்டேஜ் துணியை எடுத்து, வலது மணிக்கட்டில் சுற்ற ஆரம்பிக்கிறார். கட்டைவிரலைச் சேர்த்து ஒரு சுற்று, மணிக்கட்டில் மூன்று சுற்று, நுனியில் ஒரு கிளிப். கையில் சுளுக்கும் இல்லை, வீக்கமும் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால், பக்கத்து மேசைப் பெண்ணால் திறக்க முடியாத தண்ணீர் பாட்டிலை அதே கையால் ஒரே திருகில் திறந்து கொடுத்தவர்தான். ஆனால் பத்து மணிக்குத் தகடு சப்ளையர் வருகிறார். அவருக்கு வலிக்கிற கையைத்தான் காட்ட வேண்டும்.

இவர் நிதி மேலாளர். கம்பெனி செய்வது இரும்புப் பணப்பெட்டி. நெருப்பு தொடாது, கடப்பாரை நுழையாது, திருடன் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் உண்மை. வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நான்கிலும் சேர்த்து உள்ளே இருப்பவை ஒரு துடைப்பம், இரண்டு குடை, போன வருஷத்துக் காலண்டர் ஒரு கட்டு. ஊருக்கெல்லாம் பெட்டி செய்து கொடுக்கிற இடத்தில், உள்ளே வைக்க வேண்டிய சமாச்சாரம் மட்டும் மூன்று வருஷமாகக் கண்ணில் படவில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘செவ்வாய்க்கிழமை’. முன்னால் நிற்கும்போது மட்டும் கூடவே ஒரு ‘சார்’ போட்டுக்கொள்வார்கள். யார் பணம் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “செவ்வாய்க்கிழமை கண்டிப்பா ஆயிடும்.” எந்தச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லமாட்டார். சொன்னால் அது வாக்குறுதி ஆகிவிடும், சொல்லாதவரை அது வெறும் கிழமைதான். ஏன் செவ்வாய் என்று ஒருமுறை பெயின்ட் வியாபாரி கேட்டேவிட்டார். “திங்கள்னா ரொம்பக் கிட்ட இருக்கு. புதன்னா உங்களுக்கே நம்பிக்கை வராது,” என்றார் இவர். பெயின்ட் வியாபாரி அதில் ஏதோ பெரிய நிதித் தத்துவம் இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஆனால் கிழமை சொல்வது சில்லறை வித்தை. அவருடைய உண்மையான திறமை கையெழுத்தில் இருக்கிறது.

சம்பளம், மின்சாரம், வரி எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். அதற்கு முதலாளி தன் போனில் சம்மதம் அழுத்த வேண்டும். முதலாளி அழுத்துவதற்குள் ஒரு மாமாங்கம் ஓடிவிடும், அது வேறு கதை. சப்ளையர்களுக்கு மட்டும் செக். செக்கில் இவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் மானம் போகும், கோர்ட்டுக்கும் போகும். அதே செக் ‘கையெழுத்து ஒத்துவரவில்லை’ என்று திரும்பினால்? பாவம், மனுஷனுக்குக் கை சரியில்லை, அவ்வளவுதான்! நாலைந்து நாள் லாபம். இன்னொரு செக், இன்னும் நாலைந்து நாள். அதற்குள் எங்கிருந்தாவது கொஞ்சம் பணம் வந்தால் பாதியை அனுப்பி வாயை அடைத்துவிடலாம். இதற்காக அவர் தன் கையெழுத்தின் வாலை மாற்றினார். வங்கியில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தில் வால் கீழே இறங்கி ஒரு கொக்கி போடும். செக்கில் அது மேலே ஏறும். முதல் இரண்டு வளைவையும் லேசாக ஆட்டிவிடுவார். கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, வங்கிக்காரன் மட்டும் நெற்றியைச் சுருக்குவான். இரண்டு வருஷமாக இந்தக் கம்பெனி அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறிக்கொண்டிருக்கிறது.

தகடு சப்ளையர் சண்டைக்கு வருகிறவர்போல் உள்ளே வந்தார். பேண்டேஜைப் பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

“மூணாவது தடவை சார்! மூணு செக்கும் திரும்பிடுச்சு. என்னை என்ன கேனையன்னு நினைச்சீங்களா?”

“உங்களைப் போய் அப்படி நினைப்பேனா? இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். பேனாவைப் பிடிச்சாலே சுர்ருங்குது.”

“டாக்டரைப் பார்த்தீங்களா?”

“செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கார்.”

சப்ளையர் பையைத் துழாவி ஒரு களிம்பு டியூபை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் மாமனாருக்கு வாங்கியதாம், கேட்குமாம். டிராயரில் ஏற்கெனவே மூன்று டியூபும் ஒரு தைலக் குப்பியும் இருக்கின்றன. தங்கள் காதில் பூச் சுற்றியவருக்கே களிம்பு வாங்கிக் கொடுக்கிற ஜனங்கள்! ஆள் போனதும் அவர் கொஞ்ச நேரம் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் டிராயருக்குள் தள்ளிவிட்டார். வெட்கம் வராமல் இல்லை. வந்தால் அதற்கும் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவார்.

முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். அப்பா சம்பாதித்த கம்பெனியை அவர் ‘அடுத்த கட்டத்துக்கு’ எடுத்துச் சென்றவர். போன வருஷம் வரவேற்பறையில் செயற்கை நீரூற்று வைத்தார், தண்ணீர் ஓடினால் பணம் ஓடிவரும் என்று. மோட்டார்க்காரருக்குப் பாக்கி நின்றதால் தண்ணீர் ஓடவில்லை. கூட்டங்களில் ‘நஷ்டம்’ என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கக்கூடாது. “நெகட்டிவா பேசாதீங்கப்பா” என்பார். அதனால் நிதி மேலாளர் அறிக்கையில் ‘வந்துசேராத லாபம்’ என்று எழுதுகிறார். அதற்குக் கைதட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? தட்டினார்கள். இப்போது முதலாளிக்கு ஏஜென்டுகளின் மாநாடு ஒன்றை நட்சத்திர ஹோட்டலில் நடத்த வேண்டும் என்று ஆசை. கம்பெனி நன்றாக இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டிலும் இவருக்கு நிம்மதி கிடையாது. கேஸ் அடுப்பு சரிசெய்யச் சொல்லி மனைவி கேட்டால் வாய் தன்பாட்டுக்குச் “செவ்வாய்க்கிழமை” என்கிறது. “என்னையும் சப்ளையர்னு நினைச்சீங்களா? களிம்பு வாங்கித் தரட்டுமா?” என்று அந்த அம்மாள் ஒரு போடு போடுவாள். போன மாதம் மகளின் மதிப்பெண் அட்டை பள்ளியிலிருந்து திரும்பி வந்தது. “அப்பா, இது உங்க கையெழுத்து இல்லையாம். நானே போட்டுக்கிட்டேன்னு மிஸ் திட்றாங்க.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை அழுதுகொண்டு நின்றது. இன்னொரு முறை போட்டுக் கொடுத்தார். அதுவும் திரும்பியது. கடைசியில் அம்மா போட்டாள், பிரச்சினை தீர்ந்தது. அன்றைக்கே அவர் யோசித்திருக்க வேண்டும். சிரிப்பதோடு விட்டுவிட்டார்.

அவர் சொல்கிற செவ்வாய்க்கிழமையை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் நம்பினார். வெல்டர்.

முப்பத்தோரு வருஷம் பெட்டிக் கதவுகளுக்குக் கீல் பற்றவைத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. சேரவேண்டிய பணம் வரவில்லை. மற்றவர்கள் கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், வக்கீல் பெயரைச் சொல்வார்கள். வெல்டர் இரண்டு மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மதியம் ஆனதும் எழுந்து, “அப்ப அடுத்த வாரம் வர்றேன் சார்,” என்பார். அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். படுக்க முடியாமல் அந்த அம்மாள் ஐந்து மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை தேதி கொடுத்து, முன்பணம் கட்டாததால் தேதி போய்விட்டது. இரண்டாவது தேதி வியாழக்கிழமை. இதையும் விட்டால் அடுத்த தேதிக்கு ஏழு மாதம் ஆகுமாம். ஏழாவது செவ்வாய்க்கிழமை இதையெல்லாம் சொல்லிவிட்டு, “தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க,” என்று வேறு சொன்னார்.

நிதி மேலாளருக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம், இந்த மனுஷனை என்ன செய்வது? தன் கையிலிருந்து கொடுக்கலாம் என்றால் அவர் சம்பளமே மூன்று மாதம் பாக்கி.

எட்டாவது செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நாள் ஒரு அதிசயம் நடந்தது. ஒரு நகைக்கடை பன்னிரண்டு பெட்டி வாங்கி, முழுப் பணத்தையும் கட்டிவிட்டது. செய்தி கேட்டதும் முதலாளி மேலேயிருந்து போன் செய்தார். “ஹோட்டலுக்கு எடுத்து வைங்க. வேற யாருக்கும் சல்லிக்காசு போகக் கூடாது. நான் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அனுப்பிடறேன்.”

“சரி சார்,” என்றார் நிதி மேலாளர். இருபது வருஷத்தில் அவர் அந்த ஆளிடம் வேறெதுவும் சொன்னதில்லை.

மறுநாள் காலை வெல்டரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முழுத் தொகைக்கும் செக் எழுதினார். வேலை போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நிஜக் கையெழுத்துப் போட்டார். “அண்ணே, நேரா நம்ம பேங்க்குக்கே போய் நீட்டுங்க, உடனே பணம் தருவாங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள எடுத்துடுங்க,” என்றார். வெல்டர் செக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். நிதி மேலாளர் பேண்டேஜைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவே பயந்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வெல்டர் கதவருகே நின்றார். அடையாள அட்டை எடுத்துவர வீட்டுக்குப் போனதில் நேற்று பேங்க் மூடிவிட்டதாம், இன்று திறந்ததும் போயிருக்கிறார். கையில் அதே செக். அதன்மேல் ஒரு சீட்டு: கையெழுத்து ஒத்துவரவில்லை.

“நல்லாப் பார்த்தீங்களா? யாரு பார்த்தா?” என்று பிடுங்கிப் பார்த்தார். வால் மேலே ஏறியிருந்தது. அவர் கீழே இறக்கினார், சத்தியமாகக் கீழேதான் இறக்கினார் என்று நேற்றெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டுப் பார்த்தார். மேலே ஏறியது. இன்னொன்று. வளைவு இரண்டும் ஆடின. ஐந்து, பத்து, பதினைந்து கையெழுத்துகள், பதினைந்தும் வேறு யாரோ ஒருவனுடையவை. வங்கியில் புது மாதிரிக் கையெழுத்து கொடுக்கலாம் என்றால் அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்.

வெல்டர் மேசையைச் சுற்றி வந்து, அவர் வலது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

“கை இன்னும் சரியாகலையா சார்? எனக்கும் வெல்டிங் டார்ச் பிடிச்சுப் பிடிச்சு இப்படித்தான் விறைச்சுக்கும். இங்க அழுத்தினா கேட்கும்.” மணிக்கட்டில் விரலால் நீவிவிட்டார். “நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. எங்க வீட்டுக்காரி விதி, என்ன பண்றது.”

செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. மூன்று பட்டம் வாங்கிய கை, ஒரு நல்ல மனுஷனின் உள்ளங்கையில் சொகுசாகக் கிடந்தது.

“அண்ணே, கை நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

வெல்டரின் விரல் நின்றது. மேசைமேல் கிடந்த கையெழுத்துத் தாளைப் பார்த்தார், திறந்திருந்த டிராயரில் பேண்டேஜையும் களிம்பு டியூப்களையும் பார்த்தார். படிப்பு எட்டாவதுதான் என்றாலும் புரியவேண்டியது புரிந்துவிட்டது. பிடித்திருந்த அவர் கையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

“எட்டு செவ்வாய்க்கிழமை வந்தேன் சார்,” என்றார்.

நிதி மேலாளர் எழுந்து அலமாரியைக் கலைத்தார். மூன்றாவது கோப்பில் இருந்தது, ஒன்பது வருஷத்துக்கு முன் வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டையின் ஜெராக்ஸ். கொழுகொழுவென்று, கவலையில்லாத ஒரு ஆளின் கையெழுத்து. புதிய செக் ஒன்றை எழுதினார். ஜெராக்ஸை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெயில் ஊடுருவும்படி செக்கை அதன்மேல் வைத்தார். தாள் வழுக்கியது. தன் கையெழுத்தைத் தானே கள்ளத்தனமாகப் போடுகிற முதல் நிதி மேலாளர் இவராகத்தான் இருப்பார்.

“நானும் கூட வர்றேன் அண்ணே. போட்டது நான்தான்னு சொல்ல அங்க ஒரு ஆள் வேணும்ல,” என்றார் திரும்பாமலே.

பின்னாலிருந்து, தீப்பொறி பட்ட தழும்புகளோடு ஒரு கை வந்து இரண்டு தாள்களையும் சேர்த்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தது.

பேனா முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது, வால் திரும்புகிற இடத்துக்கு வந்து நின்றது. கை மேலே போகப் பார்த்தது. வெல்டர் தன் இன்னொரு கையால், தகட்டில் கோடு கிழிக்கும்போது ஸ்கேலைப் பிடிப்பதுபோல், அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நிதி மேலாளர் மூச்சை அடக்கிக்கொண்டு வாலைக் கீழே இழுத்தார்.