சத்தம் குறைந்த வருஷம்

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பொத்தான் மட்டும் தேய்ந்து குழி விழுந்திருந்தது. மற்ற பொத்தான்களெல்லாம் கடையில் வாங்கினபடியே இருந்தன. நான் கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமனார் அந்தப் பொத்தானை அழுத்துகிற அழுத்தைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூரில் என் தாய்வீட்டு டிவியில் சீரியலும் செய்தியும்தான் ஓடும். இங்கே கார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அலறின. நல்ல குடும்பத்தில்தான் கொடுத்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மாமாவுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே எட்டு விசைத்தறி. வாரத்தில் ஆறு நாளும் தடதடவென்று சுவரே ஆடும். தறிக்கூடத்துக்குள் யார் பேசினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். ஆனால் மாமா வாசலில் நின்றே, மூன்றாவது தறியில் இழை அறுந்திருக்கிறது, ஆறாவதில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றுவிடும். அந்த அமைதி அவருக்குப் பொறுக்காது. "சும்மா இருந்தா காதுக்குள்ள ஙொய்ங்குது. இந்தக் காரு கத்துத கத்துதான் கொஞ்சம் நல்லா இருக்கு" என்று அத்தையிடம் சொல்லுவார். என்னிடம் நேராகப் பேச மாட்டார். மருமகளும் மாமனார் முன்னால் உட்கார மாட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.

எனக்கும் அவருக்கும் பேச்சு வந்ததே கார் பந்தயத்தால்தான். ஒவ்வொரு வருஷமும் புது சீசன் தொடங்கும்போது விதிகளை மாற்றுவார்கள். அது இங்கிலீஷ் பேப்பரில்தான் விவரமாக வரும். பி.எஸ்சி. படித்த மருமகள் எதற்கு இருக்கிறாள்? நிலைப்படியில் நின்று நான் உரக்க வாசித்துத் தமிழில் சொல்லுவேன். ஒரு வருஷம் டயரை மாற்றினார்கள். அடுத்த வருஷம், பந்தயத்தின் நடுவில் பெட்ரோல் போடக் கூடாது என்றார்கள். மாமா கொதித்துப்போனார். "தார் மாத்தாம தறி ஓட்டுன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு. கோட்டிப் பயலுவ" என்றார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற குச்சிக்குத் தார் என்று பெயர். அது தீர்ந்தால் நிறுத்தி மாற்றித்தான் ஆக வேண்டும். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் மார்ச் மாதத்துக்காக நானே காத்திருக்க ஆரம்பித்தேன்.

மகள் பிறந்த வருஷம் நான் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தேன். அந்த சீசனுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பினால், வீடே சரியில்லை. தறிக்கூடத்துச் சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில் தொங்கியது. மாமா முற்றத்தில் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியையும் போடவில்லை. என்ன என்று அத்தையிடம் கேட்டேன். "காது போயிட்டுங்காவ. காரு ரேசு சத்தமே கேக்கலையாம். கூட்டிக் கூட்டி வச்சுப் பாத்தாவ. இனும தறி சத்தம் தெரியாதவனுக்குக் கூடத்துல என்ன சோலின்னு சாவியக் குடுத்துட்டாவ" என்றாள் அத்தை. தறிகளை விற்றுவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. அவர் மறுக்கவும் இல்லையாம்.

மறுவாரம் பந்தயம் வந்தபோது நானே டிவியைப் போட்டேன். எனக்கும் கேட்கவில்லை. பழைய அலறல் எங்கே போயிற்று? ஏதோ மாவு அரைக்கிற மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. செல்போனில் தேடிப் பார்த்தால், அந்த சீசனில் எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள். பாட்டரியையும் சேர்த்து, சத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது தெரியாமல் ஒரு மனுஷன் தன் காதைக் குற்றம் சொல்லிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நிலைப்படி, வழக்கம் எல்லாம் மறந்துபோய் முற்றத்துக்கு ஓடி, அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினேன். "மாமா, ஒங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. காரு சத்தத்தத்தான் கொறைச்சுட்டானுவ. எனக்குமே கேக்கல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நெசமாவா தாயி?" என்றார். மறுநாள் காலையில் மகனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அதற்குப் பிறகு தறிகளை விற்கிற பேச்சே எழவில்லை.

அடுத்த சீசனுக்கு நான் வழக்கம்போல நிலைப்படியில் நின்றேன். "இங்கன வந்து எதுத்தாப்ல உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். அத்தையே மலைத்துப்போனாள். மாமனாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த மருமகள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். தாய்வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். பெரியவர்களிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் அப்படி நினைத்திருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு, கூடத்தில் தார் சுற்றுகிற அக்கா வேலையை விட்டு மகள் வீட்டோடு போனாள். சொல்லிக்கொண்டு போக வந்தவள் பழைய கதையெல்லாம் பேசினாள். பேச்சுவாக்கில், "மொதலாளிக்கு சாவியக் குடுத்த அப்பமே காது சுத்தமாப் போயிட்டேம்மா. ஒவ்வொரு தறி மேலயும் உள்ளங்கைய வச்சுப் பாத்துத்தான் கொறை சொல்லுவாவ. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றாள். கார் சத்தம் குறைந்ததும் உண்மை, காது போனதும் உண்மை. அவர் கேட்டது எதுவுமில்லை, பார்த்ததுதான் எல்லாம். முதலில் கோபம் வந்தது. இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறாரே என்று நினைத்தேன். அப்புறம் அழுகை வந்தது. திரும்பவும் கூடத்துக்குள் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதை நான் ஓடிப் போய்க் கொடுத்திருக்கிறேன்.

இந்த சீசனில் மாற்றம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. கார் சின்னதாகி எடை குறைந்திருக்கிறது. சக்தியில் ஏறக்குறையப் பாதி இனி பாட்டரியிலிருந்து. பூமிக்குள்ளிருந்து எடுத்த எண்ணெயே கிடையாது. நேர்ச்சாலை வந்தால் காரின் முன்னாலும் பின்னாலும் உள்ள இறக்கைப் பலகைகள் காற்று தடுக்காமல் படுத்துக்கொள்ளும். முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். எண்பதைத் தொடப்போகிறவர், முன்னால் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலே எழுப்பவில்லை. உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். பாட்டரி என்ற இடத்தில் முகம் சுளித்தார். இறக்கை படுக்கும் என்றபோது, "நல்லாத்தான் யோசிச்சிருக்கான்" என்றார்.

பிறகு சட்டென்று என் கழுத்தைப் பார்த்தார். உரக்க வாசிக்கும்போது புடைக்கிற நரம்பு எதுவும் அங்கே புடைக்கவில்லை.

"தெரிஞ்சுபோச்சோ?" என்றார்.

தலையை ஆட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, மிச்சத்தையும் படி."