செல்வி அக்காவுக்கு விற்ற கச்சேரி டிக்கெட்

ஒக்கூரில் கேத வீட்டுப் பந்தலுக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, வெயிலில் காய்ந்து உட்காரவிடாமல் சுட்டது. கையில் ஆறிப்போன டீ. எனக்கோ மனசு முழுக்க அடுத்த சனிக்கிழமை மதுரையில் நடக்கவிருந்த பாட்டுக் கச்சேரி...

கொரோனாவுக்கு முந்தைய கதை இது. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாய் ஆன்லைனில் எடுத்த ஒற்றை டிக்கெட் அது. இறந்தவர் பங்காளி வகையில் ஒரு பெரியப்பா. நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதெல்லாம் அம்மாவிடம் எடுபடுமா?

"பதினாறு முடியாம பாட்டுக் கேக்கப் போவியாக்கும்? பங்காளித் தீட்டுடா. பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

சரி, விற்றுத் தொலைப்போம் என்று நினைத்தேன். அங்கேதான் புத்தி புல் மேயப் போய்விட்டது. டிக்கெட்டை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "யாருக்காவது வேணுமா?" என்று நான் போட்ட இடம்... எங்கள் பங்காளி வாட்ஸ்அப் குரூப்.

ரெண்டு நிமிடத்தில் சித்தப்பாவிடமிருந்து போன்.

"ஏண்டா, ஒனக்கு இருக்குற தீட்டுத்தானடா எங்க எல்லாருக்கும்? நீ போகக்கூடாத கச்சேரிக்கு நாங்க மட்டும் போவமா?"

உலகத்திலேயே அந்த டிக்கெட்டை வாங்கவே கூடாத நாற்பது பேரைத் தேடிப்பிடித்து விற்கப் பார்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே மெசேஜை அழித்தேன்.

கடைசியில் வாங்கியவர் எங்கள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த செல்வி அக்கா. கடையில் நான் புலம்பியது காதில் விழுந்து வந்தார்.

"தம்பி, அதை எனக்குத் தருவீகளா? அந்தக் கச்சேரியில பாடுறவுக பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் பதினஞ்சு வருசமா மிஷின் மிதிக்கிறேன். ஒரு தடவையாச்சும் அவுகள நேர்ல பாத்துறணும்."

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் டிக்கெட்டைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாமியாரிடம் மதுரையில் ஒரு கல்யாணம் என்று சொல்லி வைத்தார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர், தனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டார். இப்படி எங்கேயும் தனியாகப் போனதே இல்லையாம்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா பஸ் ஏறிவிட்டார். நாலு மணி வாக்கில் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"கருமாதித் தேதி போட்ருக்காகளாம். எழுத்து பொடிசா இருக்கு. பெருசாக்கிக் குடு."

பங்காளி குரூப்பைத் திறந்து மேலே தள்ளினேன்... அங்கே என் டிக்கெட், பளிச்சென்று இருந்தது.

அன்றைக்கு நான் அழித்தது என் போனில் மட்டும். மற்ற எல்லார் போனிலும் அது ஒரு வாரமாக அப்படியே கிடந்திருக்கிறது, கியூஆர் கோடோடு. கச்சேரி கேட்டில் அதை முதலில் காட்டுகிறவர் உள்ளே போய்விடலாம். அடுத்து அதையே காட்டுகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்றுவிட்டேன் என்றுகூட குரூப்பில் நான் சொல்லவில்லை.

தீட்டோடு யார் போகப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். நானே போகத் துடித்தவன்தானே?

செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மேலூர் தாண்டிட்டேன் தம்பி. பூவெல்லாம் வாங்கி வச்சிருக்கேன். ஏதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லக்கா... பாத்துப் போங்க."

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வேறு வழியில்லாமல் குரூப்பில் எழுதினேன். "அந்த டிக்கெட்டை வித்துட்டேன். தயவுசெஞ்சு யாரும் கேட்ல காட்டிறாதீக. ஒரு அக்கா அதை நம்பித் தனியாப் போயிருக்காக."

சித்தப்பாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"கேதத்துல இருக்குற சனத்தையாடா சந்தேகப்படுற? எங்க மாதவன் மதுரையிலதான் வேலை பாக்குறான். அவன் போயிருவான்னு நெனச்சியா?"

சத்தியமாக, அதுவரை சித்தப்பா மகன் மாதவன் ஞாபகமே எனக்கு வரவில்லை. அவனுக்கு மூன்று முறை அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. செல்வி அக்கா போனும் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆறு மணிக்குக் கேட் திறப்பார்கள். வீட்டுக்கும் வாசலுக்குமாய் நடந்துகொண்டே இருந்தேன். பூ வைத்துக்கொண்டு போன மனுஷியை அத்தனை பேர் முன்னால் "தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டால்...

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. ஒரே இரைச்சல்.

"தம்பி... உள்ள வந்துட்டேன். மிஷின்ல வச்சாக, பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. கேக்குதா தம்பி? உள்ள வந்துட்டேன்."

கேட்டது. அழுதுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாதவனிடமிருந்து மெசேஜ். "வரிசையிலதான்டா நின்னேன். எனக்கு முன்னாடி நாலே பேரு. விக்கல போல, வீணாப் போகுதேன்னு வந்தேன். ஒன் மெசேஜப் பாத்துட்டு வெளிய வந்துட்டேன். அப்பாட்ட மட்டும் சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. கருமாதியன்று அத்தனை பங்காளிகள் முன்னாலும், சந்தேகப்பட்டதற்காகச் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாதவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இப்போது அவனே "எழுதிக்கடா" என்று சொல்லிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் சென்னையில் ஒரு கச்சேரி. ஆபீஸ் வேலையால் போக முடியவில்லை. இப்போதெல்லாம் டிக்கெட் ஆப்பிலேயே கைமாறிவிடுகிறது. ஒரு தட்டு தட்டினேன், யாரோ வாங்கிக்கொண்டார்கள். என் கியூஆர் கோடு செல்லாமல் போய், அவர்களுக்குப் புதுக் கோடு போய்விட்டது. பயப்பட ஒன்றுமே இல்லை.

ஆனாலும் அன்று சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில், வாங்கியவர் உள்ளே போயிருப்பாரா என்று ஒரு நினைப்பு ஓடியது. கேட்கலாம் என்றால் ஆளும் தெரியாது, நம்பரும் கிடையாது. அவர் ஏன் எனக்குப் போன் பண்ணப் போகிறார்?