மலை லைனில் உப்பிய பாக்கெட்டுகள்

இரண்டு பெட்டி கொரியன் சோள ஸ்நாக்ஸை, ஒரு பாக்கெட் விடாமல் ஊக்கால் குத்திப் பாழாக்கியவன் நான். யாரும் சொல்லித் தந்து செய்ததில்லை, முழுக்க சொந்த மூளை. அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. தெரியாத வயசு, விட்டுவிடுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. எங்கள் ஏஜென்சியில் கடை கடையாகச் சரக்குப் போடப் புதிதாக லைனுக்குப் போகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கதையில் பாதிதான் இருக்கிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. மாவு லைன்

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் கள்ளக்குறிச்சியில் இட்லி மாவு பாக்கெட் போட்டேன். விடியற்காலையில் பெட்டியை டூவீலரில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போய் ஃபிரிஜ்ஜில் அடுக்குகிற வேலை. அந்தத் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. பாக்கெட் உப்பினால் உள்ளே மாவு புளிக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் கண்ணில் படுவதற்குள் மூலையில் ஊக்கால் ஒரு குத்துக் குத்தி, காற்றை அமுக்கி வெளியே விட்டு, முன்வரிசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஓட்டை எங்கே என்று குத்தினவனுக்கே தெரியக்கூடாது. இதில் நான் பெரிய கை. சட்டையில் பேனா இல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறேன், ஊக்கு இல்லாமல் போனதில்லை.

மாவு கம்பெனியை மூடிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த ஸ்நாக்ஸ் ஏஜென்சியில் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி மேசைமேல் நாலு பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். "சாப்டுப் பாரு. ருசி தெரியாம சரக்கு விக்கக் கூடாது" என்றார். கொரியாவிலிருந்து வருகிற சோள ஸ்நாக்ஸ். சின்னச் சங்கு மாதிரி இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக நாலு அடுக்கு, அடுக்குக்கு நடுவில் வெறும் காற்று. கடித்தால் பக்கத்து அறையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

கார்ன் சூப் ஃப்ளேவர், வேகவைத்த கதிரில் வெண்ணெய் தடவினது போல இனிப்பும் உப்புமாக இருந்தது. இரண்டாவது சாக்லேட்டும் பட்டையும். பிரியாணியில் போடுகிற பட்டையைச் சாக்லேட்டில் போட்டவன் யாரென்று தெரியவில்லை, ஆனால் கை அதற்குத்தான் திரும்பத் திரும்பப் போனது. மூன்றாவது காரம், முதலில் இனித்து ஏமாற்றிவிட்டுப் பிறகு காதில் ஏறும். நாலாவது கடல்பாசி. கருவாட்டுக் கடையை பஸ்ஸில் தாண்டுகிற மாதிரி ஒரு வாசனை. அதையும் முடித்தேன். "ருசி பாக்கத்தான் சொன்னேன்" என்றார் முதலாளி.

சரக்கு நன்றாகவே ஓடியது. நைனார்பாளையத்தில் ஒரு கடைக்காரர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ப சோளம் கோழிக்குப் போவுது. அவன் சோளம் நம்ப புள்ளைங்களுக்கு வருது. நல்லாக்கீதுய்யா நாயம்" என்று திட்டிக்கொண்டே இரண்டு சரம் மாட்டிக்கொண்டார்.

2. ஏற்றம்

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி கல்வராயன் மலைக்கு ஒரு லைன் திறந்தார். "மூணு மாசம் பாப்பேன். டேமேஜ் ஜாஸ்தி ஆச்சின்னா மூடிடுவேன். கீழ உனுக்கு வேற லைன் காலி இல்ல, பாத்துக்க" என்றார். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மலை லைனில் எனக்கு முக்கியமான கடை வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் இருந்த சின்னப்பொண்ணு கடை. வீட்டுக்காரர் சாமை, மரவள்ளி போடுகிறார். கடை முழுக்க இந்தம்மா பொறுப்பு. எதிரிலேயே, கீழே மணலூர்பேட்டையிலிருந்து வந்த பச்சையப்பன் கண்ணாடி அலமாரியெல்லாம் வைத்து ஒரு பேக்கரி திறந்திருந்தார். வந்த ஆறு மாதத்தில் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. லீவில் ஊருக்கு வந்த காலேஜ் பெண்கள், போனில் கொரியன் நாடகம் பார்க்கிறவர்கள், இந்த ஸ்நாக்ஸ் இருக்கிறதா என்று சின்னப்பொண்ணுவிடம் கேட்டிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு மலையில் இருக்கிற எல்லா ஊரிலிருந்தும் ஆள் வரும். அதற்கென்று இரண்டு பெட்டி ஆர்டர் போட்டார்.

"அவங்கிட்ட இல்லாதது எங்கிட்ட ஒண்ணாச்சும் இருக்கணும்ணே. இந்தத் திருவிழாவுல உட்டன்னா அப்புறம் கடைய மூடிட்டு காட்டு வேலைக்குத்தான் போவணும்" என்றார்.

சரக்கை ஏற்றிக்கொண்டு வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். வண்டி ஓட்டியது செல்வம். பாதி வளைவு தாண்டியிருப்போம், பின்னால் சடசடவென்று ஒரு சத்தம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் போய்ப் பார்த்தேன். கொரியன் பெட்டி இரண்டும் டேப் பிரிந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. உள்ளே ஒவ்வொரு பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பி, தொட்டால் டம் டம் என்றது.

பதினோரு வருஷப் படிப்பு ஒரே ஒரு பதிலைத்தான் சொன்னது: சரக்கு புளித்துவிட்டது. ஊக்கை எடுத்தேன். மேல் சீலுக்குக் கீழே வலது மூலையில் ஒரு குத்து, உள்ளங்கையால் ஒரு அமுக்கு, அடுத்த பாக்கெட். செல்வம் வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே பண்ணிகினு கீற?"

"காத்து எறக்கறேன். புளிச்சிப் போச்சி."

"சிப்ஸு எங்கண்ணா புளிக்கும்?"

"சோள மாவுலதான செய்யறான்? மாவுன்னா புளிக்கும்டா. உனுக்கு வண்டிய பத்தி தெரியும், எனுக்கு மாவ பத்தி தெரியும்" என்றேன்.

அவன் போய் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த வளைவில் டவர்கூட இருந்தது. முதல் ட்ரிப்பிலேயே கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பாரே என்று கேட்கவில்லை.

எல்லாப் பாக்கெட்டும் தட்டையாகி, பெட்டி அழகாக மூடிக்கொண்டது. கடையில் இறக்கியபோது சின்னப்பொண்ணு ஒன்றை எடுத்துப் பார்த்தார். டவுனில் பார்த்தபோது புஸ்ஸென்று இருந்ததே, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். மலைக்கென்று தனி பேக்கிங், இடம் குறைவாகப் பிடிக்கும் என்றேன். சொன்ன வேகத்தில் அது எனக்கே உண்மையாகப் பட்டது.

3. பக்கெட் தண்ணீர்

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் வந்தது. "வாண்ணே. வந்து பாருண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு சின்னப்பொண்ணு வைத்துவிட்டார். பஸ் ஏறிப் போனேன். மலையில் ஐந்து நாளாகச் சாரல், பனி. கடை முன்னால் இருபது பேர் நின்றார்கள்.

சரக்கு மொத்தமும் நமுத்துப் போயிருந்தது. கார்ன் சூப் ரப்பர் மாதிரி இழுத்தது. சாக்லேட் பல்லில் அப்பிக்கொண்டது. காரம் மட்டும் காரமாகவே இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. கடல்பாசிக்கு மட்டும் புகார் இல்லை. அது அப்படித்தான் இருக்கும் போல என்று வாங்கினவர்கள் நினைத்துவிட்டார்கள்.

சின்னப்பொண்ணு நடுவில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்திருந்தார். பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல தண்ணீருக்குள் அமுக்கினார். வலது மூலையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அடுத்ததை அமுக்கினார். அதே மூலை. அதற்கடுத்ததும் அதே இடம். என் கைவேலை என்னைவிட ஒழுங்கு.

"ஒண்ணு ரெண்டுன்னா எலி கடிச்சதுன்னு உட்டுடலாம். எல்லாம் ஒரே எடத்துல. ஊசி வச்சி குத்திக்கீறான்" என்று எதிர்க் கடையைக் கையால் காட்டினார்.

சரக்கு வந்த அன்று பச்சையப்பன் இந்தக் கடைக்குள் வந்து, சரத்தில் தொங்கியதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, என்ன விலை, எங்கே கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார். அதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். குத்தினது நிஜமென்றால் அந்த ஆள் திருவிழா முடியும்வரை கடை திறக்கக்கூடாது, அப்புறம் இந்த மலையில் இருப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பச்சையப்பன் ஒரு ஓரமாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தது நிஜம், குத்தவில்லை என்று நாலைந்து தடவை சொன்னார். கீழிருந்து வந்தவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"கம்பெனி ஆளு வந்துட்டாரு. நீயே சொல்லு. அங்கேர்ந்தே ஓட்டையோட வருமா?"

"வராதுங்க" என்றேன்.

அது உண்மைதான், கம்பெனியிலிருந்து ஓட்டையோடு வராது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வராது என்கிற நம்பிக்கையில் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். லைன் மூடாது, வேலை போகாது, சின்னப்பொண்ணுவுக்கும் எதிர்க் கடைத் தொல்லை விட்டது என்றெல்லாம் உள்ளே ஒரு கணக்கு ஓடியது. பச்சையப்பன் திரும்பித் தன் கடைக்கு நடந்தார். கண்ணாடி அலமாரியில் இருந்த பன்னையெல்லாம் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தார். தப்புச் செய்தவன் மாதிரி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக, நசுங்காமல் அடுக்கினார்.

"நான்தாங்க குத்தினேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். ஊக்கை எடுத்துக் காட்டினேன். ஏன் என்று சின்னப்பொண்ணு கேட்டார். புளித்துவிட்டது என்று நினைத்தேன் என்றேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், பச்சையப்பன் பெட்டியில் போட்ட பன்னை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

4. பிறகு

முதலாளி போனில் முழுக்கக் கேட்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். பாக்கெட்டுக்குள் இருப்பது வெறும் காற்று இல்லை, நைட்ரஜன். சரக்கு நமுக்காமல் இருக்கத்தான் அதை அடைத்து வைக்கிறார்கள். மேலே ஏற ஏற வெளியில் காற்றின் அழுத்தம் கம்மியாகும், பாக்கெட் உப்பும். உப்புகிறது என்றால் சீல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மலையில் தட்டையாக ஒரு பாக்கெட் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் இரண்டு பெட்டியைக் கொடுத்து, "பஸ்ஸுல போ. மடியில வச்சிக்க. எது உப்பினாலும் தொடாத" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சரக்கு திருவிழாவின் முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது. முதலில் தீர்ந்தது சாக்லேட்டும் பட்டையும். சின்னப்பொண்ணு இன்றைக்கும் என்னிடம்தான் வாங்குகிறார், ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்து என் எதிரிலேயே பக்கெட்டில் அமுக்கிப் பார்த்த பிறகுதான். மலை லைன் பெட்டியில் இப்போது ஆறு பாக்கெட் கம்மியாக அடுக்குகிறோம், உப்புவதற்கு இடம் வேண்டும் என்று. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சரக்கில் படித்த பாடத்தை அடுத்த சரக்குக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தெரியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள்.

நானே உண்மையை ஒத்துக்கொண்டேன் என்று மலையில் எனக்குக் கொஞ்சம் நல்ல பேரும் வந்தது. நல்ல மனுஷன், கொஞ்சம் மண்டு, அவ்வளவுதான் என்றார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் பச்சையப்பன் கடைக்கு டீ குடிக்கப் போனேன். ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவர் டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் நீ உண்மைய சொன்னதப் பத்திதான் பேசிக்கினு கீறாங்க. அதுக்கு முன்ன நீ 'வராதுங்க'ன்னு சொன்ன பாரு, எனுக்கு அதுதான்யா காதுல கீது."