முள் முறிந்த மீனும் என் கையெழுத்தும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு தவக்காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தோம். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியார் என்னிடம் ஒரு கடதாசியைத் தந்தார். உலக நாடுகள் எல்லாம் கூடிக் கடலுக்கு ஒரு சட்டம் எழுதுகின்றனவாம். எண்ணெயும் நஞ்சும் கொட்டிக் கடலைக் கெடுக்காதபடி ஒப்பந்தம் செய்யுங்கள் என்று எங்கள் பங்குக் கோயிலிலிருந்தும் கையெழுத்து அனுப்ப வேண்டுமாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனாலும் கடல் ஆண்டவர் படைத்ததுதானே என்று முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.

அயல் வீடுகளுக்கெல்லாம் போய் வந்தபின் ஒரு வரிதான் மிச்சம். வெள்ளிக்கிழமை மீன்காரத் தம்பி சைக்கிளில் வந்தார். தவக்கால வெள்ளிகளில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. அவருடைய மீன்தான் கறி. மற்றவர்களைவிட மலிவாகத் தருவார். கடலில் பிழைப்பவரின் பெயர் கடைசி வரிக்குப் பொருத்தம் என்று கடதாசியை நீட்டினேன்.

"என்னக்கா, கச்சேரியிலிருந்து வந்த அரசாங்கக் கடதாசியோ?"

"கடலைக் கெடுக்காதேங்கோ எண்டு நாடுகளுக்கு எழுதுறம் தம்பி. நீங்களும் கையெழுத்து வையுங்கோ."

இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எனக்கு ஏலாது."

"ஏன், எழுதத் தெரியாதோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எழுதுவன். பொய் எழுதத்தான் ஏலாது." பெட்டியிலிருந்து ஒரு பாரை மீனை எடுத்து வளைத்தார். ஈரத் துணிபோல் மடிந்தது. "கடலுக்கை நான் வெடி போட்டுப் பிடிச்சது. அந்த அதிர்விலை முள் முறியும், குஞ்சு மீனெல்லாம் சேர்ந்து சாகும். இவ்வளவு நாளும் வெட்டினீங்கள், முள் ஏன் முறிஞ்சு கிடக்கெண்டு ஒருநாளும் கேக்கேல்லையே அக்கா?"

பெட்டிக்குள் ஐஸ் கட்டி அமத்தித்தான் முள் முறிகிறது என்று நான் நினைத்திருந்தேன். மெத்தென்ற மீன் என்று அயலில் புகழ்ந்தும் இருக்கிறேன். அவர் என்னைக் குற்றம் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா? ஒன்றும் பிடிபடவில்லை. குசினியில் சோறு இறங்கிவிட்டது, பிள்ளைகள் பசியோடு நின்றார்கள். அந்தப் பாரையையே வாங்கினேன். சாப்பிடும்போது முறிந்த முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன்.

ஞாயிறு கோயில் வாசலில் பேனையைத் திறந்தேன், என் பெயரை வெட்டிவிடலாம் என்று. வெட்டினால் கடலுக்கு ஒரு குரல் குறையும். விட்டால், வெடி மீன் வாங்கிய நான் எழுதியது பொய். பேனையை மூடினேன். கடைசி வரி வெறுமையாகவே கடதாசியைக் கொடுத்தேன். நாளைக்கே கொழும்புக்கு அனுப்புவதாகச் சுவாமியார் சொன்னார்.

அடுத்த வெள்ளி மீன்காரத் தம்பி வந்தபோது பெட்டியில் நாலைந்து சின்ன விளைமீன்தான் கிடந்தன.

"தூண்டில் மீன் அக்கா. அமத்திப் பாருங்கோ, முள் நேரா இருக்கு. விலைதான் கூட. எங்கை அந்தக் கடதாசி?"

"அது கொழும்புக்குப் போட்டுது தம்பி."

"அப்ப சரி, நாடுகள் நான் இல்லாமலே கதைக்கட்டும்" என்று சிரித்தார்.

வெடியை விட்டுவிட்டாரா, எனக்காக மட்டும் கொண்டுவந்தாரா? கேட்கப் பயந்து, விலையும் பேசாமல் வாங்கினேன்.

எங்கள் கடதாசியை எந்த நாடாவது பார்த்ததோ, தெரியாது. ஆனால் இன்றும் மீனின் முதுகை விரலால் அமத்திப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அப்படிப் பார்க்கும்போதுதான் அந்த முதல் வரியில் என் பெயர் இருப்பதற்குக் கொஞ்சமாவது உரிமை உண்டு என்று மனம் ஆறுகிறது.