முதல் வரியில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்

ஈப்போ பாசாரில் தவுகே முளைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன். சபைகூடலில் என் மகள் மாணவத் தலைவி. நாட்டின் ஐந்து கோட்பாடுகளான ருக்குன் நெகாரா உறுதிமொழியை அவள் மேடையில் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வரி இறைவன் மீது நம்பிக்கை. இவள் அதை விட்டுவிட்டு நேரே இரண்டாம் வரியின் பேரரசருக்குத் தாவிவிட்டாளாம். திடலே வாயைப் பிளந்து நின்றதாம். போனை மறு காதுக்கு மாற்றியதில் தவுகே பாதி தரையில்.

ஆனால் பாருங்கள், பள்ளிக்குப் போகக் காரில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. பயந்தால் சிரிக்கும் பிறவி நான். கோப்பெங் பக்கத்தில் நான் படித்த தோட்டப்பள்ளி, புளித்த ரப்பர் பால் வாடையோடு வந்து நின்றது. அங்கே வலது கையைத் தூக்கி முதல் வரியைச் சொல்லி, ‘துஹான்’ என்று முடித்ததும் அத்தனை பிள்ளைகளும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். சாமி பேர் வந்தால் வேறென்ன செய்வதாம்?

“கைய எறக்காதீங்கடா! இது என்ன மாரியம்மன் கோயிலா?” என்று தலைமையாசிரியர் கத்துவார்.

ஒருநாள் மலாய் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார்.

“இன்னிக்கு எவனாச்சும் கன்னத்துல போட்டீங்க, தோல உரிச்சிருவேன்!”

மரம் மாதிரி நின்றோம். ‘துஹான்’ என்றதும் பட், பட் என்று சத்தம். போட்டுக்கொண்டவர் தலைமையாசிரியரேதான்! அதிகாரி விழிக்க, “ஹோர்மாட் லா எஞ்சிக், ஹோர்மாட்!” என்று மரியாதைக் கணக்கில் சேர்த்துச் சமாளித்தார். அதிகாரியும் சிரித்தபடி நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். நாங்கள் உருண்டு புரளாத குறை.

மகளின் ஆசிரியைக்குச் சிரிக்க நேரமில்லை. “அக்கா, வாட்சாப்புல பெத்தவங்க சண்ட. அந்த வரியே எதுக்குன்னு பாதிப் பேரு, இந்தப் பிள்ளைய நீக்குன்னு பாதிப் பேரு. திங்கக்கெழம முழுசா சொல்லட்டும். இல்லன்னா பேட்ஜ கழட்டணும் லா.”

திரும்பும்போது மகளிடம் கெஞ்சினேன். “சும்மா சொல்லித் தொலையேம்மா. நாங்கல்லாம் சொல்லலையா?”

“நம்புறேனான்னு எனக்கே தெரியலம்மா. கையத் தூக்கி சத்தியம் பண்றது சும்மாவா?”

எங்கள் தலைமையாசிரியர் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேட்ஜைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டாள்.

அந்தத் தோட்டம் இன்று வரிசை வீடுகள். பள்ளி டவுனுக்குப் போய்விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் நம்பியவர் யார், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் போட்டவர் யார் என்று அந்தத் திடலில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே வகுப்புக்குக் கலைந்துபோன அந்தக் காலைகள்தான் இப்போது எங்கும் இல்லை.