ரோட்டைப் பார்த்த கழுத்து

தேயிலை விலை விழுந்த காலத்தில் என் கழுத்து இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பும். நேராக வரச் சண்டை போடும். வலப்பக்கம் என்றால் அறவே மறுத்துவிடும்.

எங்கள் எஸ்டேட் நீலகிரியில், நடுவட்டத்துக்குக் கீழே. கொழுந்து எடுக்கும் பெண்களில் பாதிப் பேர் என்னைப் போலச் சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே பழகியபடியே கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிடுவோம். மற்றவர்கள் தோளில் பை மாட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று சிரிப்போம். கூடை நிறைய நிறைய, அந்தப் பாரம் எங்கள் கழுத்தில்தான் இறங்கும். அப்போது அது எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

விலை விழுந்ததும் ஃபேக்டரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது. ஆண்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் போனார். பனியன் கம்பெனியில், நாள் முழுக்க மேசை மேல் குனிந்து துணி தேய்க்கும் வேலை.

"நீயும் வந்துரு. இந்தக் குளிர்ல தனியா என்ன செய்வ?" என்றார்.

"நானும் வந்துட்டா வீட்ட எடுத்துக்குவாங்க. அப்புறம் நீங்க எங்க திரும்பி வருவீங்க?"

பஸ் ஏறும்போது, "வீட்டப் பூட்டாம வையி" என்றார்.

வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. கூடை சுமக்க முடியாதவளுக்கு வேலை இல்லை. ஆகவே கழுத்து பிடித்துக்கொண்டதை வெளியே சொல்லவில்லை. குளிர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் மலையில் எந்த வலிக்கும் குளிர்தான் காரணம், எந்த வலிக்கும் தைலம்தான் மருந்து. தேய்த்த தேய்ப்பில், பனிமூட்டத்துக்குள் நான் வருவது வாசனையிலேயே தெரிந்துவிடும். "தைல மரம் நடந்து வருது," என்பாள் எனக்குப் பக்கத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுக்கு வாய் அதிகம்.

ஒரு காலையில் கயிற்றைத் தலையில் மாட்டியதும் கண் இருட்டிவிட்டது. அவள்தான் என்னை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சிஸ்டர் கோயமுத்தூர்ப் பக்கம். தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை என் தலையில் கயிறு போல மாட்டி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, எப்படிக் கொழுந்து எடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க."

வெறும் காற்றில் கொழுந்து கிள்ளினேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டு கிள்ளு கிள்ளறீங்க, இடதுபக்கம் திரும்பறீங்க. மறுபடியும் கிள்ளறீங்க, மறுபடியும் திரும்பறீங்க. அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

அந்தப் பக்கம் டிஸ்பென்சரிச் சுவர் இருந்தது. பக்கத்தில் நின்றவள் சொல்லிவிட்டாள்: "ரோடு இருக்கு சிஸ்டர். பஸ் வர்ற ரோடு."

உண்மைதான். எந்தத் தேயிலைக் காட்டில் இறங்கினாலும் கங்காணியிடம் ரோட்டோர வரிசையைக் கேட்டு வாங்கிவிடுவேன். பனி மூடி ரோடே தெரியாத நாளிலும் சத்தம் வந்த பக்கம் திரும்புவேன். முழுக்கூடையின் பாரத்தோடு கழுத்தை மட்டும் திருப்புவேன்.

சிஸ்டர் திட்டவில்லை. கயிறு படும் இடத்தில் துணியை மடித்து வைக்கச் சொன்னார். கூடை நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். தலையணையை எடுத்துவிட்டு, உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கடைசியாக, "ரோட்டுப் பக்கம் வேணாங்க. திரும்பறதா இருந்தா உடம்போட திரும்புங்க, கழுத்த மட்டும் திருப்பாதீங்க," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரே ஒரு பராக்கு இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டாரே என்று வழியெல்லாம் பொருமினேன்.

அன்று மத்தியானம் கதவைச் சாத்தாமல், வெறும் பலகையில் மல்லாந்து படுத்தேன். உப்பு மூட்டையின் சூடு கழுத்துக்குள் மெல்ல இறங்கியது. வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து, அடுப்புப் புகையோடு கலந்து, கூரைத் தகரத்தை மறைத்தது. சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தலையில் கயிறு இல்லாத உடம்பு பலகையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்பதுபோல் இருந்தது. எங்கோ பஸ் திணறி ஏறியது. திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றது, யாரோ இறங்கினார்கள், வாசல்வரை வந்தார்கள், உள்ளே வராமலே நின்றார்கள். விழித்தபோது உப்பு ஆறியிருந்தது. வீட்டுக்காரர் வரவே மாட்டார் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன்.

மறுநாள் கங்காணியிடம் நடு வரிசை கேட்டேன். அங்கே நின்றால் ரோடு முதுகுக்குப் பின்னால் போய்விடும். என் ஓர வரிசைக்கு அந்த வாயாடி போனாள். அங்கிருந்து தினமும் சத்தமாகச் சொல்லுவாள்: "இன்னிக்கு ஒரு ஆட்டுக்குட்டிதான் எறங்குச்சு." இன்னொரு நாள், "ஆம்பள ஒருத்தர் எறங்குனாரு, ஆனா ஒனக்கு வேணாம், தொப்ப பெருசு." சிரிக்கும்போதுகூடக் கழுத்து வலிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பாதிக்கூடை, மடித்த துணி, ஒத்தடம். கயிறு மறுபடியும் என் தலைக்குப் பழகியது. வேலை போகவில்லை, வீடும் போகவில்லை.

ஃபேக்டரி ஓடிய ஒரு நாளில், முன்னால் நின்ற செடி மட்டும் தெரிகிற அளவுக்குப் பனி. பஸ் வந்து நின்று, போயும்விட்டது. ஓர வரிசையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தபடி கிள்ளிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கூடையில் பாரமே இல்லை. தலையில் கயிறு தளர்ந்தது. கூடை அறுந்து விழுந்துவிட்டது என்று பயந்தேன். அதற்குள் தேய்த்த துணியின் சூட்டு வாசனை வந்தது.

கழுத்தைத் திருப்பவில்லை. காலை எடுத்து வைத்து, உடம்போடு திரும்பினேன்.

அவர் இரண்டு கையாலும் கூடையின் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றார். அதற்காக அவர் தனியாகக் குனியவில்லை. ஆளே பாதியாகக் குனிந்துதான் இருந்தார்.

"முதுகு புடிச்சிருச்சு," என்றார். "நிமிர முடியல. கம்பெனியில போகச் சொல்லிட்டாங்க."

அத்தனை நாள் நான் ரோட்டைப் பார்த்துக் காத்திருந்தும் வராத மனிதரை அவர் முதுகு கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஓர வரிசைக்காரி வேண்டுமென்றேதான் வாயை மூடியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"இப்ப கூடைய விடுங்க," என்றேன். "போயி பலகையில மல்லாந்து படுங்க. உப்பு அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. வீடு பூட்டல."