செஸ்ட், தேர்ட்டி ஃபோர்!

தையற்கடையில் அளவு எழுதுகிறவனுக்கு ஆள் முகம் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. பெங்களூர் கன்டோன்மென்ட்டில், பட்டாள அதிகாரிகளுக்கு உடுப்பு தைக்கும் ஒரு கடையில் ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு அந்த வேலை. அதே பட்டாளத்தில் அதிகாரியாகப் போகிறேன் என்று கிளம்பி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. இப்படி எங்கிருந்தாவது திரும்பி வந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

கூப்பிட்ட குரலுக்கு

ராணுவ அகாடமிக்கு ஆள் பொறுக்கும் தேர்வு நாலு நாள் நடந்தது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. நெஞ்சில் எண் எழுதிய துணியைக் கட்டிவிடுவார்கள். 'செஸ்ட் நம்பர் தேர்ட்டி ஃபோர்' என்று கூப்பிட்டால் நான் விறைத்து நின்று 'யெஸ் சார்' சொல்ல வேண்டும். கடைசி நாள் தேறியவர்களின் எண்களைப் படித்தபோது என் எண் வரவில்லை. வெளியே சொன்னால் வெட்கம், எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையத்தில் பாதிப் பேரிடம் மகன் ஆபீசராகிவிட்டான் என்று அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அவர் முகத்தை நினைத்துத்தான் பயம்.

கடையில் முதல் நாள். துணி வெட்டும் கட்டர் ரஹீம் பாய் ஒரு மேஜரைச் சுற்றி இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு, "செஸ்ட், தேர்ட்டி ஃபோர்!" என்று குரல் கொடுத்தார். அளவுப் புத்தகம் மடியிலிருந்து விழ, நான் எழுந்து விறைத்து நின்று "யெஸ் சார்" என்றேன். மேஜர் திரும்பிப் பார்த்தார். ரஹீம் பாய் நிதானமாகச் சொன்னார்: "உன்னை இல்லப்பா, மேஜர் சாபோட நெஞ்சைச் சொன்னேன். உக்காந்து எழுது."

தேறியவன்

தேர்வில் என்னோடு இருந்த முப்பத்தொன்றாம் நம்பர் தேறிவிட்டான். உடுப்பு தைக்க அவன் எங்கள் கடைக்கே வந்தபோது, துணிக் கட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை, ரஹீம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான்தான் அளவெடுக்க வேண்டியதாயிற்று. புத்தகத்தில் எழுதும்போதுதான் அவன் பெயர் சோமசேகர் என்பதே எனக்குத் தெரிந்தது.

பாவம், சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். ஆள் வெளுத்துப்போயிருந்தான். கழுத்தில் டேப் பட்டதும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "காலர் ஸ்வல்ப லூஸா இருக்கட்டும்பா. அகாடமியில நீச்சல் உண்டாம், எனக்குத் தெரியுமான்னு அவங்க யாருமே கேக்கலை."

பலகை

நான் ஏன் தேறவில்லை என்று எனக்கே தெரியும். ஒரு பலகையை வைத்து ஆறு பேரைப் பள்ளம் தாண்டவைக்கச் சொன்னார்கள். இங்கே வைக்கலாமா, உங்களுக்குச் சரிதானா என்று ஆறு பேரையும் கேட்டு முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கடையில் அந்தக் குணம்தான் என்னைக் காப்பாற்றியது. ஓய்வுபெற்ற தமிழ்க் கர்னல் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காந்தா இறுக்குமா சார்? சாப்பிட்ட பிறகு எப்படி சார்?" என்று வழக்கம்போல் கேட்டேன். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், பிடித்த மூச்சை மெல்ல விட்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல, வயித்தை வெளியே விடலாம்னு சொன்ன முதல் ஆள் நீதாம்பா."

கையெழுத்து

அப்பா மைசூர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நான் தோற்றதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. வயது வரம்பு தாண்டுவதற்குள் இன்னொரு முறை எழுதிப்போடலாம். விண்ணப்பத்தைத் தன் அழகான எழுத்தில் அவரே நிரப்பி, தபாலில் சேர்க்க வேண்டிய கடைசி நாளன்று மத்தியானம் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. பேனாவைத் திறந்தேன்.

ரஹீம் பாய்க்கு அப்பாவைத் தெரியாது. வாடிக்கையாளர் என்று நினைத்து, பின்னாலிருந்து டேப்பைச் சுற்றி, "செஸ்ட், தேர்ட்டி டூ!" என்றார். என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில், அழிக்க முடியாத மையில், 32.

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "யுத்த காலத்துல நானும் போய் நின்னேண்டா. இதே நெஞ்சுதான். ஒரு இஞ்சு கம்மின்னு அனுப்பிட்டாங்க. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. போகட்டும், எடுத்த அளவு வீணாக வேணாம், எனக்கு ஒரு கோட்டு தைச்சுடு."

அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகள் என் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறார்கள், இவ்வளவு அதிகாரத்தை எந்த அகாடமியும் எனக்குக் கொடுத்திருக்காது.